சம்மதம் கேளாத சீர்திருத்தம்

1907ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், அமெரிக்க ஸெனட் சபையில் இண்டியானா மாநிலத்தின் பிரதிநிதியாக வீற்றிருந்த ஆல்பர்ட் பெவரிட்ஜ், மூன்று நாட்களுக்கு நீண்ட ஒரு பிரசங்கத்தில், தம் தேசத்துத் தொழிற்சாலைகளில் குழந்தைகள் படும் பாட்டை, நேரில் கண்டவர்கள் சத்தியம் செய்து எழுதிக்கொடுத்த வாக்குமூலங்களின் ஆதாரத்தோடு சபையின் முன் வைத்தார். கண்ணாடி உலைகளின் அருகே இரவெல்லாம் ஓடியாடி உழைத்த சிறுவர்களையும், தென் மாநிலங்களின் பஞ்சாலைகளில் அறுந்த இழையை முடிந்துகொண்டே நின்ற சிறுமிகளையும், பென்ஸில்வேனியாவின் சுரங்கங்களில் சரிந்தோடும் நிலக்கரிக்கு மேலே குனிந்து உட்கார்ந்து, கரித்தூசியை மூச்சோடு இழுத்தவாறு கல்லைப் பொறுக்கிக்கொண்டிருந்த பாலகர்களையும் பற்றி அவர் விவரித்தவை யாவும் உண்மை. 10 முதல் 15 வயது வரையுள்ள ஏறத்தாழ 17 லட்சத்து 50 ஆயிரம் குழந்தைகள் வேலைக்குப் போகிறார்கள் என்பதை 1900ஆம் ஆண்டின் ஜனக்கணக்கே ஒப்புக்கொண்டிருந்தது. அவர் கொண்டுவந்த மசோதா அப்போது நிறைவேறவில்லை; ஆயினும், குழந்தை உழைப்பைத் தடுக்கும் கடமை மத்திய சர்க்காருக்கு உண்டு என்ற எண்ணத்தை அந்தச் சபையில் அவ்வளவு உறுதியோடு அதற்கு முன் எவரும் வாதித்ததில்லை.

அதே மனிதர், அதே சபையில், ஏழு ஆண்டுகளுக்கு முன்னர், 1900 ஜனவரி 9ஆம் தேதி நிகழ்த்திய பிரசங்கம் வேறு விஷயத்தைப் பற்றியது. பிலிப்பைன் தீவுகள் என்றென்றைக்கும் அமெரிக்காவுக்கே உரியவை என்றும், அவற்றுக்கு அப்பால் சீனத்தின் எல்லையற்ற சந்தை காத்திருக்கிறது என்றும், தம்மைத் தாமே ஆண்டுகொள்ளும் தகுதி அத்தீவுகளின் மக்களுக்கு இல்லை என்றும், அத்தகையோரை ஆளும் பொறுப்பை ஆண்டவனே ஆங்கிலம் பேசும் இனத்தாரிடம் ஒப்படைத்திருக்கிறான் என்றும் அன்று அவர் வாதித்தார். அதற்கும் முன்னர், 1898ஆம் ஆண்டில் ஒரு தேர்தல் மேடையில், ஆளப்படுவோரின் சம்மதத்தின் மீதே அரசாட்சி நிற்கவேண்டும் என்று சுதந்திரப் பிரகடனம் கூறுகிறதே என்ற ஆட்சேபத்துக்கு விடை சொல்ல வந்தபோது, செவ்விந்தியரை அவர்களுடைய சம்மதமின்றியே ஆள்கிறோம், நம் குழந்தைகளையும் அவர்களுடைய சம்மதமின்றியே ஆள்கிறோம் என்று அவர் எடுத்துக்காட்டியிருந்தார்.

அமெரிக்க சரித்திரத்தை எழுதுவோர் இந்தக் காலத்தைப் பெரும்பாலும் இரண்டு அத்தியாயங்களாகப் பிரித்துவிடுகிறார்கள். ஸ்பெயினோடு நடந்த யுத்தம், ஹவாய், பிலிப்பைன்ஸ், பனாமா ஆகியவை ஓர் அத்தியாயம். ஏகபோக முதலாளிகளை அடக்கிய சட்டங்கள், உணவுக் கலப்படத் தடை, குழந்தைப் பாதுகாப்பு, பெண்களின் வாக்குரிமை ஆகியவை மற்றோர் அத்தியாயம். முன்னதைப் படிக்கையில் வருந்தவும் பின்னதைப் படிக்கையில் மகிழவும் வாசகன் பழக்கப்படுகிறான். இந்தப் பிரிவினை பொய்யானது என்பது என் திடமான அபிப்பிராயம். அறிந்தவன் அறியாதவனுக்காக முடிவு செய்யலாம் என்ற ஒரே நம்பிக்கையே இரண்டையும் நடத்தியது. உள்நாட்டில் அந்த நம்பிக்கையை வாக்குச்சீட்டும், தொழிற்சங்கமும், பத்திரிகையும் கடிவாளமிட்டு நிறுத்தின. கடலுக்கு அப்பால் அதை நிறுத்தும் சக்தி எவரிடமும் விட்டுவைக்கப்படவில்லை. விளைவுகள் வேறுபட்டதற்குக் காரணம் அதுவே.

உள்நாட்டு யுத்தம் முடிந்து ஒரு தலைமுறை கழிவதற்குள், ரயில்பாதைகளாலும் எஃகு உலைகளாலும் அத்தேசம் பிரிட்டனையும் விஞ்சிய கைத்தொழில் நாடாக உயர்ந்துவிட்டது. ஆனால் 1893இல் தொடங்கிய பெரும் வியாபார மந்தம், மேலும் மேலும் உற்பத்தி செய்துகொண்டே போனால் வாங்குவோர் யார் என்ற பயத்தையும், வேலையின்றித் தெருவில் நிற்போரின் கோபம் எங்கே போய் முடியுமோ என்ற மற்றொரு பயத்தையும் ஆளும் வகுப்பினரின் உள்ளத்தில் ஒருங்கே விதைத்தது. மேற்கே குடியேறுவதற்குரிய எல்லைக்கோடு மறைந்துவிட்டது என்று 1890ஆம் ஆண்டின் ஜனக்கணக்கு அறிவித்திருந்தது. அதே ஆண்டில் கடற்படைத் தளபதி மாஹன், கடலை ஆள்பவனே உலகை ஆள்கிறான் என்று காட்ட முயன்ற தம் நூலை வெளியிட்டார். அதே ஆண்டில் ஜேகப் ரீஸ் என்ற பத்திரிகையாளர், நியூயார்க் நகரத்து ஏழைகளின் இருண்ட வாடகைக் குடியிருப்புகளைப் புகைப்படங்களோடு உலகுக்குக் காட்டினார். இந்த இருவரோடும் நெருங்கிப் பழகியவரும், இருவருடைய நூல்களையும் ஆர்வத்தோடு படித்தவருமான தியோடர் ரூஸ்வெல்ட், பின்னாளில் ஜனாதிபதியாகி இரண்டு வேலைத் திட்டங்களையும் சேர்ந்தே நிறைவேற்றினார்.

1898 டிசம்பரில் பாரிஸ் உடன்படிக்கையின்படி 2 கோடி டாலருக்கு ஸ்பெயினிடமிருந்து பிலிப்பைன் தீவுகளை அமெரிக்கா பெற்றுக்கொண்டபோது, அத்தீவுகளின் மக்கள் அதே ஆண்டு ஜூன் 12ஆம் தேதியே எமிலியோ அகினால்டோவின் தலைமையில் தங்கள் சுதந்திரத்தை அறிவித்திருந்தார்கள்; 1899 ஜனவரியில் மலோலோஸ் நகரில் ஒரு குடியரசும் ஏற்பட்டது. அவர்களை எவரும் எதுவும் கேட்கவில்லை. உடன்படிக்கையை ஸெனட் 57க்கு 27 என்ற வாக்கில், தேவைக்கு ஒரே ஒரு வாக்கு மிகுதியாக, அங்கீகரித்த 1899 பிப்ரவரி 6ஆம் தேதிக்கு இரண்டு நாள் முன்னரே மணிலாவின் எல்லையில் துப்பாக்கிகள் வெடித்துவிட்டன. அதன்பின் நடந்த மூன்று ஆண்டு யுத்தத்தில் மாண்ட அமெரிக்கச் சிப்பாய்கள் 4 ஆயிரத்துக்குச் சற்று மேல்; பெரும்பாலும் பட்டினிக்கும் நோய்க்கும் இரையான பிலிப்பைன் குடிமக்களோ 2 லட்சத்துக்குக் குறையார் என்பதே பொதுவாக ஏற்கப்படும் மதிப்பீடு. கியூபாவில் ஸ்பானியத் தளபதி வெய்லர் கிராம மக்களைத் திரட்டிக் காவல் முகாம்களில் அடைத்ததைக் கொடுமை என்று கண்டித்து, அதையே யுத்தத்துக்கு ஒரு காரணமாக உலகறியச் சொன்ன அதே தேசத்தின் சேனாதிபதி பெல் என்பவர், 1901 டிசம்பரில் படாங்காஸ் மாகாணத்தில் அதே முறையைக் கையாண்டார். கைதிகளின் வாயில் பலவந்தமாகத் தண்ணீரை ஊற்றி வயிறு புடைக்கச் செய்து வாக்குமூலம் வாங்கிய சித்திரவதையைப் பற்றி, 1902இல் ஸெனட்டின் விசாரணைக் கமிட்டி முன் அமெரிக்கச் சிப்பாய்களே சாட்சி சொன்னார்கள்.

இவற்றைச் சொல்லி நிறுத்திவிட்டால் என் வாதம் எளிதாகிவிடும். ஆனால் அது நியாயமாகாது. யுத்தம் முடிவதற்குள்ளாகவே, 1901 ஆகஸ்டில், தாமஸ் என்ற கப்பலில் ஏறத்தாழ 500 ஆசிரியர்கள் மணிலாவில் வந்திறங்கி, தீவுகளெங்கும் பரவிச் சென்று, ஏழைக் குழந்தைகளுக்கும் பள்ளியின் கதவைத் திறந்தார்கள். அவர்களில் சிலர் சில மாதங்களுக்குள் காலராவுக்குப் பலியானார்கள். அவர்களுடைய தொண்டுள்ளத்தை நான் சந்தேகிக்கவில்லை. அம்மை குத்தும் பணி நடந்தது. குடிநீர் வசதிகளும் சாலைகளும் ஏற்பட்டன. அபினி வியாபாரம் தடுக்கப்பட்டது. சிகாகோ நகரக் கட்டடக் கலைஞர் டானியல் பர்ன்ஹாம் மணிலாவுக்கும் மலைநகரமாகிய பாகியோவுக்கும் திட்டம் வரைந்தார். உள்நாட்டில் சீர்திருத்தவாதிகள் எவற்றையெல்லாம் செய்ய விரும்பினார்களோ அவற்றையெல்லாம், சட்டசபைகளின் தடையும் நீதிமன்றங்களின் தடையும் இல்லாத ஒரு தேசத்தில், விரும்பிய வேகத்தில் செய்துபார்க்க அவர்களால் முடிந்தது. ஆனால் அதே 1901ஆம் ஆண்டின் நவம்பரில், சுதந்திரம் வேண்டும் என்று சமாதான முறையில் வாதிப்பதும் குற்றமென்று மணிலாவில் ஒரு சட்டம் பிறந்தது. பெவரிட்ஜ் குழந்தைகளுக்காகப் பேசிய 1907ஆம் ஆண்டின் ஆகஸ்டில், பிலிப்பைன் புரட்சிக் கொடியைப் பறக்கவிடுவதும் தண்டனைக்குரியதாயிற்று. அந்தச் சட்டம் 1919 வரை நீடித்தது. 1907ஆம் ஆண்டிலேயே கூடிய முதல் பிலிப்பைன் சட்டசபையைத் தேர்ந்தெடுக்க வாக்களித்தவர்கள் மக்கள்தொகையில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. மேற்சபையாகவோ வாஷிங்டன் நியமித்த கமிஷன் அமர்ந்திருந்தது.

நிலச் சீர்திருத்தத்தின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனில் என் கருத்துக்கு அதைவிடத் தெளிவான சான்று வேறில்லை. ஸ்பானிய ஆட்சிக் காலத்தில் கத்தோலிக்கத் துறவி மடங்கள் பரந்த பண்ணைகளை உடைமையாக வைத்திருந்தன. அவற்றில் தலைமுறை தலைமுறையாகக் குத்தகைக்குப் பாடுபட்ட குடியானவர்களின் மனக்கொதிப்பே 1896ஆம் ஆண்டுப் புரட்சிக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று. முதல் சிவில் கவர்னராக வந்த வில்லியம் டாஃப்ட், தாமே ரோமாபுரி வரை சென்று பேசி, 1903இல் சுமார் 72 லட்சம் டாலர் கொடுத்து 4 லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட அந்நிலங்களை சர்க்காருக்காக வாங்கினார். உழுபவனுக்கே நிலத்தை விற்பது என்பது அறிவிக்கப்பட்ட நோக்கம்; சர்க்கார் நிலத்தில் தனிமனிதர் 16 ஹெக்டேருக்கு மேலும், கம்பெனிகள் 1,024 ஹெக்டேருக்கு மேலும் வாங்கக் கூடாது என்ற வரம்பும் சட்டத்தில் இருந்தது. 1909ஆம் ஆண்டில் பிலிப்பைன் சர்க்கரைக்கு அமெரிக்கச் சந்தையில் ஒரு வரம்பு வரை சுங்கவரி நீக்கப்பட்டது. கரும்பு நிலத்தின் மதிப்பு உயர்ந்தது. மிண்டோரோ தீவில், மடத்து நிலமாக வாங்கப்பட்ட ஸான் ஹோஸே பண்ணை முழுவதும், 50 ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட அந்தப் பரப்பு, சர்க்கரை டிரஸ்ட் என்ற அமெரிக்க ஏகபோகக் கூட்டோடு தொடர்புடைய செல்வந்தர்களின் கைக்குப் போயிற்று. மடங்களிடம் வாங்கிய நிலத்துக்கு அந்த ஹெக்டேர் வரம்பு பொருந்தாது என்று அமெரிக்க அட்டர்னி ஜெனரலே அபிப்பிராயம் எழுதிக்கொடுத்தார். அப்போது ஜனாதிபதி பதவியில் இருந்தவர் அதே டாஃப்ட். அவருடைய சர்க்கார், 1910ஆம் ஆண்டில், அதே சர்க்கரை டிரஸ்டைக் கலைக்கவேண்டுமென்று நியூயார்க்கில் வழக்குத் தொடர்ந்தது.

இதில் டாஃப்டின் நேர்மையைக் குறை கூறுவதால் பயனில்லை. நியூயார்க்கில் டிரஸ்டின் விலையேற்றத்தால் பாதிக்கப்பட்ட வாக்காளன் இருந்தான். அவனுடைய கோபத்தை அச்சிட்டு விற்கும் பத்திரிகை இருந்தது. அவன் அனுப்பிய பிரதிநிதி காங்கிரஸில் இருந்தார். மிண்டோரோவின் குடியானவனுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. பெவரிட்ஜே தலைமை தாங்கி நிறைவேற்றிய 1906ஆம் ஆண்டின் மாமிசப் பரிசோதனைச் சட்டத்தையும் இந்த நோக்கிலேயே பார்க்கவேண்டும். அப்டன் ஸிங்க்ளேரின் நாவல் சிகாகோ கசாப்பு ஆலைகளின் அசுத்தத்தை வெளிப்படுத்தியவுடன் மாமிச முதலாளிகள் பணிந்ததற்குக் காரணம், உள்நாட்டு வாடிக்கையாளரும் ஐரோப்பிய வாடிக்கையாளரும் வாங்க மறுத்ததுதான். ஆனால் ஸிங்க்ளேர் அந்நாவலை எழுதியது, அந்த ஆலைகளில் கையும் காலும் இழந்த லிதுவேனியத் தொழிலாளிகளுக்காக. வந்து குடியேறிய அந்த ஏழைகளில் பலருக்கு இன்னும் வாக்கில்லை. உண்பவனைக் காக்கச் சட்டம் வந்தது, உழைப்பவனைக் காக்க வரவில்லை. தையல் தொழிலாளிப் பெண்கள் சங்கம் கூடி வேலைநிறுத்தம் செய்து, பின்னர் 1911 மார்ச் 25ஆம் தேதி நியூயார்க் டிரையாங்கிள் ஆலைத் தீயில் 146 பேர் மாண்டு, அந்தச் சவ ஊர்வலத்தில் நகரமே திரண்ட பிறகுதான், அந்த மாநிலத்தில் தொழிற்சாலைப் பாதுகாப்புச் சட்டங்கள் வரிசையாகப் பிறந்தன.

வாக்கைப் பறித்தால் என்ன ஆகும் என்பதை அறியக் கடல் கடக்கவும் வேண்டியதில்லை. மிஸிஸிப்பி 1890இலும், லூயிஸியானா 1898இலும், அலபாமா 1901இலும் தங்கள் அரசியல் சட்டங்களைத் திருத்தி, எழுத்தறிவுப் பரீட்சை, தலைவரி முதலிய உபாயங்களால் நீக்ரோக்கள் என்று அந்நாளில் அழைக்கப்பட்ட கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலிலிருந்து துடைத்தெடுத்தன. லூயிஸியானாவில் 1896இல் 1 லட்சத்து 30 ஆயிரமாக இருந்த கறுப்பின வாக்காளர் தொகை 1900இல் சுமார் 5 ஆயிரமாகச் சுருங்கியது. தனித்தனி ரயில் பெட்டி நியாயமே என்று 1896இல் பிளஸ்ஸி வழக்கில் தீர்ப்பெழுதிய அதே நீதிபதி ஹென்றி பிரவுன்தான், புதிதாகப் பிடித்த தீவுகளுக்கு அரசியல் சட்டம் முழுவதும் பொருந்தாது என்ற 1901ஆம் ஆண்டின் டௌன்ஸ் தீர்ப்பையும் அறிவித்தார். போர்ட்டோ ரிக்கோவிலிருந்து நியூயார்க்குக்கு வந்த ஆரஞ்சுப் பழத்துக்குச் சுங்கம் விதிக்கலாமா என்ற சிறு வழக்கில், அந்நிய இனத்தாரை ஆங்கிலோ சாக்ஸன் நெறிப்படி ஆளுவது சிலகாலம் இயலாமற் போகலாம் என்ற பெரிய வார்த்தையை அவர் நுழைத்தார். இரண்டு வழக்கிலும் மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய நீதிபதி ஜான் ஹார்லன், ஒரு காலத்தில் அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்த கென்டக்கிக் குடும்பத்தில் பிறந்தவர். இரண்டும் ஒரே அநீதி என்று கண்ட அவருடைய பார்வை என்னை எப்போதும் வியக்கவைக்கிறது.

ஹார்லனைப் போல் கண்டவர்கள் மிகச் சிலர். பெவரிட்ஜின் 1900ஆம் ஆண்டுப் பிரசங்கம் முடிந்த உடனேயே, அவருடைய கட்சியையே சேர்ந்த முதியவர் ஜார்ஜ் ஹோர் எழுந்து, நீதி, கடமை, விடுதலை ஆகிய சொற்களை இவ்வளவு நேரத்தில் நான் கேட்கவேயில்லை என்ற பொருள்பட வருந்திச் சொன்னார். பாஸ்டனின் வழக்கறிஞர் மூர்ஃபீல்ட் ஸ்டோரி, ஏகாதிபத்திய எதிர்ப்பு லீகுக்குத் தலைமை தாங்கியதோடு, கறுப்பின மக்களின் உரிமைக்காக 1909இல் தோன்றிய தேசிய சங்கத்துக்கும் முதல் தலைவரானார். குடியிருப்புத் தெருக்களை இனம் பிரித்து ஒதுக்கிய லூயிவில் நகரத்து விதியை 1917இல் உச்ச நீதிமன்றத்தில் வாதாடி வீழ்த்தியவர் அவரே. ஆனால் ஏகாதிபத்தியத்தை எதிர்த்தோர் எல்லோரும் ஸ்டோரிகள் அல்லர். தென் கரோலினாவின் டில்மன் போன்றோர், கறுத்த நிறத்தவர் மேலும் பலர் நம் தேசத்துக்குள் வந்துவிடுவார்களே என்ற துவேஷத்தால் மட்டுமே எதிர்த்தார்கள். 1906இல் இந்தியாவுக்கு வந்து, பிரிட்டிஷ் ஆட்சியின் கேட்டை அஞ்சாமல் எழுதிய வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனை நம் முன்னோர் நன்றியோடு வாசித்தார்கள். அதே பிரையன் 1899இல் பாரிஸ் உடன்படிக்கைக்கு வாக்களிக்கும்படி தம் கட்சியினரைத் தூண்டியவர் என்பதையும் சேர்த்தே நாம் அறிந்திருக்கவேண்டும்.

1912 ஆகஸ்டில் சிகாகோவில் கூடிய முற்போக்குக் கட்சி மகாநாடு, இந்த முரண்பாடுகள் யாவும் ஒரே கூரையின் கீழ் வந்து அமர்ந்த இடம். தொடக்கவுரை ஆற்றியவர் பெவரிட்ஜ். ரூஸ்வெல்ட்டின் பெயரை வழிமொழிந்தவர், ஏழைகளிடையே 1889 முதல் ஹல் ஹவுஸ் என்ற ஸ்தாபனத்தை நடத்திவந்தவரும், பிலிப்பைன் யுத்தத்தைக் கண்டித்தவருமான ஜேன் ஆடம்ஸ் அம்மையார். குழந்தை உழைப்புத் தடை, பெண்களுக்கு வாக்குரிமை, 8 மணி நேர வேலை, முதுமைக்கும் நோய்க்கும் சமூக இன்ஷூரன்ஸ் எனப் பிற்காலத்து நலவாழ்வுத் திட்டங்கள் பலவும் அங்கே எழுத்தில் ஏறின. ஆண்டுக்கு இரண்டு போர்க்கப்பல்கள் கட்டவேண்டும் என்பதும் அதே அறிக்கையில் இடம்பெற்றது. அதை விழுங்குவது தமக்கு எவ்வளவு கடினமாயிருந்தது என்பதை அம்மையாரே எழுதியிருக்கிறார். தென் மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பினப் பிரதிநிதிகள், மகாநாட்டில் இடமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். நல்ல சட்டம் ஒன்றைப் பெறுவதற்காக எவ்வளவை விட்டுக்கொடுக்கலாம் என்ற கேள்வியில் அம்மையாரின் நெஞ்சம் பட்ட வேதனையை நான் மதிக்கிறேன். அவர் எடுத்த முடிவைச் சரியென்று என்னால் சொல்ல முடியவில்லை.

அந்த ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் வெற்றி பெற்றவர் வில்ஸன். அவர் ஆட்சியில் 1916ஆம் ஆண்டில் குழந்தை உழைப்பைத் தடுக்கும் முதல் மத்தியச் சட்டம் கையெழுத்தாயிற்று. அந்த ஆண்டுகளிலேயே, 1915இல் அமெரிக்கக் கடற்படைச் சிப்பாய்கள் கைப்பற்றிய ஹெய்ட்டியில், பழைய சட்டம் ஒன்றைத் தூசிதட்டி எடுத்து, சாலை போடுவதற்காகக் குடியானவர்களைப் பலவந்தமாகப் பிடித்து வேலை வாங்கும் முறை நடைமுறைக்கு வந்தது. சாலைகள் நன்றாகவே அமைந்தன. இணங்காத சட்டசபை 1917இல் கலைக்கப்பட்டது. கடலுக்கு அப்பால் பழகிய கை உள்நாட்டிலும் சும்மா இருக்கவில்லை. மணிலாவில் புரட்சிக்காரர்களை வேவு பார்க்கும் பிரிவில் பயிற்சி பெற்ற ரால்ஃப் வான் டீமன், 1917இல் அமெரிக்க ராணுவ உளவுத்துறைக்குத் தலைவராகி, சொந்த நாட்டுத் தொழிற்சங்கத்தாரையும் சமாதானவாதிகளையும் பற்றிக் குறிப்பேடு திறந்தார்.

எப்படியிருந்தாலும் பிலிப்பைன்ஸுக்கு 1946இல் சுதந்திரம் கொடுத்தார்களல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கு வழிவகுத்த 1934ஆம் ஆண்டின் சட்டத்தைப் படித்துப் பார்க்கவேண்டும். பிலிப்பைன் சர்க்கரையின் போட்டியை ஒழிக்க விரும்பிய அமெரிக்க விவசாய நலன்களும், கலிஃபோர்னியாவின் தோட்டங்களுக்குப் பிலிப்பைன் கூலிகள் வருவதை நிறுத்த விரும்பியோரும் அதற்குப் பெரும் ஆதரவு தந்தார்கள். சுதந்திரத்துக்கு இன்னும் 12 ஆண்டுகள் இருக்கையிலேயே, ஆண்டுக்கு 50 பேருக்கு மேல் அமெரிக்காவில் குடியேறக் கூடாது என்ற விதி உடனே அமலாயிற்று. அம்மக்களின் தலைவர்கள் பல ஆண்டுகள் வாஷிங்டனின் வாயிலில் காத்துநின்று மன்றாடிய பிறகு வந்த சட்டத்தின் நிலை இது.

போர்ட்டோ ரிக்கோவுக்கு அதுவும் கிட்டவில்லை. 1917 முதல் அத்தீவினர் அமெரிக்கப் பிரஜைகள். யுத்தங்களில் அந்தக் கொடியின் கீழ் உயிர் கொடுத்தவர்கள். ஏறத்தாழ 32 லட்சம் மக்கள் வாழும் அத்தீவில் குடியிருப்போருக்கு ஜனாதிபதித் தேர்தலில் இன்றும் வாக்கில்லை. காங்கிரஸில் அவர்களுக்காக அமரும் ஒரே பிரதிநிதி பேசலாம், மசோதாக்களின் இறுதி வாக்கெடுப்பில் கலந்துகொள்ள முடியாது. வறிய முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மத்திய சர்க்கார் மாதந்தோறும் அளிக்கும் உதவித்தொகையைத் தீவில் குடியிருப்போருக்கு மறுப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதமாகாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் 8க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. மாறுபட்டு எழுதியவர், போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த பெற்றோருக்குப் பிறந்த நீதிபதி ஸோனியா ஸோட்டோமேயர் ஒருவரே. எனினும் பெரும்பான்மையோடு சேர்ந்த நீதிபதி கோர்ஸச், டௌன்ஸ் முதலிய பழைய தீர்ப்புகள் இனவெறியின் மீது கட்டப்பட்டவை, அவற்றை ரத்து செய்யும் காலம் வந்துவிட்டது என்று தனியே எழுதினார். இன்றுவரை அவை ரத்தாகவில்லை. பிளஸ்ஸி தீர்ப்பின் அநியாயத்தை 1954இல் அந்த நீதிமன்றம் ஒப்புக்கொண்டது போல, அதே கை அறிவித்த டௌன்ஸ் தீர்ப்பையும் அது தூக்கியெறிய வேண்டும். தங்களுக்கு எந்தச் சீர்திருத்தம் வேண்டும், எது வேண்டாம் என்பதைத் தீவின் மக்களே தங்கள் வாக்கால் முடிவு செய்யட்டும்.